நோயை அறிவித்த மருத்துவர்

நுழையும்முன்

காவிரியின் கிளையாறுகள் கடலோடு கலக்கும் கடைமடைப் பகுதியில் அமைந்துள்ளது காரைக்கால். அதன் கொம்யூன் பஞ்சாயத்துகளுள் ஒன்று நெடுங்காடு. வயலும் வாய்க்காலும் குளமும் சூழ்ந்த அத்தகைய ஊரில், ஒரே தெருவைச் சேர்ந்த மூவருக்கு ஒரே நாளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டால் அச்செய்தி யாரிடம் போய்ச் சேர வேண்டும்? எவ்வளவு விரைவாகச் சேர வேண்டும்? சேராவிட்டால் என்ன நேரும்? இவ்வினாக்களுக்கு விடை காண, ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு பம்பாயில் வாழ்ந்த மருத்துவர் ஒருவரின் வாழ்க்கை நமக்குத் துணைநிற்கிறது.

•

நோயைக் கண்டறிவது மருத்துவரின் அறிவைச் சார்ந்தது. கண்டறிந்த நோயை, அதைக் கேட்க விரும்பாத அவையில் எடுத்துரைப்பது அவருடைய நெஞ்சுரத்தைச் சார்ந்தது. இவ்விரண்டும் ஒருசேர அமையப்பெற்றவர் அகாசியோ கேப்ரியல் வியேகாஸ். 1896ஆம் ஆண்டு பம்பாய் நகரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் புகுந்துவிட்டது என்பதை மாநகராட்சிக்கு முறைப்படி அறிவித்தவர் அவர். இந்தியப் பொதுச் சுகாதார வரலாற்றில் பல மாற்றங்கள் அந்த அறிவிப்பைத் தொடர்ந்து நிகழ்ந்தன. சட்டங்கள் பிறந்தன; ஆய்வுக்கூடங்கள் எழுந்தன; தடுப்பூசி உருவானது. அரசு மக்களை எவ்வாறு நடத்தினால் அவர்கள் நோயை மறைக்காமல் சொல்வார்கள் என்னும் பாடமும் பெரும் விலை கொடுத்துக் கற்கப்பட்டது.

பிறப்பும் கல்வியும்

வியேகாஸ் 1856ஆம் ஆண்டு கோவாவின் வட பகுதியில் உள்ள அர்போரா என்னும் சிற்றூரில் பிறந்தார். காரைக்கால் பிரெஞ்சியரின் ஆளுகையில் இருந்ததைப் போல, கோவா அப்போது போர்த்துக்கீசியரின் ஆளுகையில் இருந்தது. உயர்கல்வியும் வேலைவாய்ப்பும் நாடிய கோவா இளைஞர்கள் பலர் பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்த பம்பாய்க்குச் சென்றனர். வியேகாசும் அவ்வாறே சென்று, தூய சவேரியார் பள்ளியில் பயின்று மெட்ரிகுலேஷன் தேர்வில் தேர்ச்சி பெற்றார்.

பின்னர் அவர் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1845ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அக்கல்லூரி, மேலை மருத்துவத்தை இந்திய இளைஞர்களுக்குக் கற்பித்த முன்னோடி நிறுவனங்களுள் ஒன்றாகும். வியேகாஸ் 1880ஆம் ஆண்டு அங்கு மருத்துவப் பட்டம் பெற்றார். படிப்பு முடிந்ததும் அவர் தொழில் நடத்தத் தேர்ந்த இடம், செல்வர்களின் மாளிகைகள் நிறைந்த பகுதியன்று. துறைமுகத்தை ஒட்டி நெருக்கமான குடியிருப்புகளைக் கொண்ட மாண்ட்வி என்னும் பகுதியாகும்.

மாண்ட்வியின் மருத்துவர்

அக்காலப் பம்பாய், பருத்தி ஆலைகளாலும் கடல் வாணிகத்தாலும் செழித்த பெருநகரம். 1891ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்ந்தனர். வேலை தேடி வந்தோர் பெருகிய அளவுக்கு வீடுகள் பெருகவில்லை. காற்றும் வெளிச்சமும் புகாத அடுக்குக் குடியிருப்புகளில் ஓர் அறையில் ஒரு குடும்பம் முழுவதும் தங்கியது. ஆலைத் தொழிலாளர்கள் பலர் ஓர் அறையையே பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்தனர்.

மாண்ட்விப் பகுதிக்குத் தனி இயல்பு ஒன்றும் இருந்தது. கப்பல்களில் வந்திறங்கும் தானிய மூட்டைகள் அங்கிருந்த கிடங்குகளில் அடுக்கப்பட்டன. கிடங்குகளுக்கு மேலும் பக்கத்திலும் மக்கள் குடியிருந்தனர். தானியம் இருக்கும் இடத்தில் எலிகள் பெருகுவது இயல்பு. மனிதரும் எலியும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த அந்தத் தெருக்களில்தான் வியேகாஸ் நோயாளிகளின் வீடுதோறும் சென்று மருத்துவம் பார்த்தார். எந்த வீட்டில் எத்தனை பேர், எந்தக் குடும்பத்தில் எந்த நோய் என்பதை நேரில் அறிந்த மருத்துவராக அவர் விளங்கினார். அந்த அறிமுகமே பின்னாளில் நகரைக் காக்கும் கருவியாயிற்று.

மருத்துவத் தொழிலோடு பொதுப்பணியிலும் அவர் நாட்டம் கொண்டிருந்தார். பம்பாய் மாநகராட்சியின் உறுப்பினராகவும், அதன் நிலைக்குழுவின் உறுப்பினராகவும் பணியாற்றினார். நோயைக் காணும் கண்ணும், அதனை ஆட்சியாளரிடம் எடுத்துரைக்கும் வாய்ப்பும் ஒருவரிடமே அமைந்தது பம்பாயின் நற்பேறு எனலாம்.

நோயின் வருகை

பிளேக் உலகம் நெடுங்காலமாக அறிந்த நோய். பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் ஊர்கள் பலவற்றை அது சூறையாடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவில் மீண்டும் தலைதூக்கி, 1894ஆம் ஆண்டு ஹாங்காங் துறைமுகத்தை அடைந்தது. அங்கு அலெக்சாந்தர் எர்சின், கிட்டசாட்டோ என்னும் அறிவியலாளர்கள் இந்நோய்க்குரிய நுண்ணுயிரியைப் பற்றிய கண்டுபிடிப்புகளை வெளியிட்டனர். ஹாங்காங்கோடு கப்பல் போக்குவரத்துக் கொண்டிருந்த பம்பாய்க்கு நோய் வந்துசேர இரண்டு ஆண்டுகளே தேவைப்பட்டன.

1896ஆம் ஆண்டு மழைக்காலத்தில் மாண்ட்வியில் வழக்கத்துக்கு மாறான காய்ச்சல் மரணங்கள் நிகழ்ந்தன. பம்பாயில் மலேரியா முதலிய காய்ச்சல்கள் புதியன அல்ல. ஆதலால் இறப்புப் பதிவேட்டில் இவையும் காய்ச்சல் என்னும் பொதுப்பெயரில் அடங்கிப்போயின. செப்டம்பர் மாதத்தில் தம்மிடம் வந்த நோயாளிகளை ஆராய்ந்தபோது வியேகாஸ் வேறொன்றைக் கண்டார். கடுங்காய்ச்சலோடு தொடையிடுக்கிலும் அக்குளிலும் நெறிகட்டிய வீக்கம் தோன்றியது; நோயாளி சில நாள்களுக்குள் தளர்ந்து உயிர்நீத்தார். ஒரே சுற்றுப்புறத்தைச் சேர்ந்த பலரிடம் இதே அறிகுறிகள் காணப்பட்டன. பல ஆண்டுகள் அத்தெருக்களில் மருத்துவம் பார்த்த அவருக்கு இது வழக்கமான காய்ச்சல் அன்று என்பது தெளிவாயிற்று. நூல்களில் படித்த பிளேக் நோயைத் தம் நோயாளிகளின் உடலில் கண்டார்.

நிலைக்குழுவில் ஒலித்த குரல்

கண்டதை வெளியே சொல்வது எளிதன்று. பம்பாயின் வாழ்வு துறைமுகத்தை நம்பியிருந்தது. பிளேக் என்னும் ஒரு சொல் வெளியானால் அயல்நாட்டுத் துறைமுகங்கள் பம்பாய்க் கப்பல்களைத் தடுத்து நிறுத்தும். ஏற்றுமதி நின்றுபோகும். ஆலைகள் மூடப்பட்டுத் தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடுவர். கணிப்பு பொய்த்துவிட்டால், நகரையே கலங்கடித்த பழி அந்த மருத்துவரைச் சேரும். மெய்யானாலும், தீய செய்தி கொண்டுவந்தவர் மீதுதான் முதற்சினம் பாயும்.

இவற்றையெல்லாம் அறிந்தும் வியேகாஸ் வாய்மூடியிருக்கவில்லை. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் நடைபெற்ற மாநகராட்சி நிலைக்குழுக் கூட்டத்தில், மாண்ட்வியில் நெறிகட்டும் பிளேக் பரவத் தொடங்கியுள்ளது என அவர் அறிவித்தார். உறுதியான சான்று கிடைக்கும்வரை காத்திருக்கலாம் என்று அவர் எண்ணவில்லை. கொள்ளைநோயைப் பொறுத்தவரை, சான்று முழுமையடையும்வரை காத்திருப்பது நோய்க்கு வழிவிடுவதாகும். ஐயம் எழுந்தவுடன் அறிவித்தல், பின்னர் ஆய்வினால் உறுதிசெய்தல் என்னும் முறைதான் இன்றளவும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது.

அவருடைய அறிவிப்பு உடனடியாக முழுமனத்தோடு ஏற்கப்பட்டுவிடவில்லை. அலுவலர்கள் தயங்கினர். பிளேக் என்று சொல்லாமல், ஐயத்திற்குரிய ஒருவகைக் காய்ச்சல் என்று குறிப்பிடவே முதலில் விரும்பினர். சொல்லை மென்மையாக்கியதால் நோய் மென்மையடையவில்லை. மாண்ட்வியைக் கடந்து அடுத்தடுத்த பகுதிகளுக்கு அது பரவியது.

உறுதிப்பட்ட உண்மை

வியேகாசின் கூற்றைச் சரிபார்க்க வல்லுநர் குழுக்கள் ஆய்வில் ஈடுபட்டன. அவருடைய கணிப்பு சரியானதே என்று அவை உறுதிசெய்தன. கல்கத்தாவில் காலரா தடுப்பூசிப் பணியில் புகழ்பெற்றிருந்த வால்டெமர் ஹாப்கின் என்னும் அறிவியலாளர் அக்டோபர் மாதத் தொடக்கத்தில் பம்பாய்க்கு வந்தார். ஒடெசா நகரில் பிறந்து, பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பயிற்சி பெற்றவர் அவர். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கப்பட்ட சிறு இடத்தில் தம் ஆய்வைத் தொடங்கினார்.

இதற்கிடையே வியேகாஸ் நோயாளிகளைக் கைவிடவில்லை. தொற்றின் அச்சத்தால் உறவினரும் விலகிநின்ற வீடுகளுக்குள் அவர் சென்றார். குடிசைப் பகுதிகளைத் தூய்மைப்படுத்தவும் எலிகளை ஒழிக்கவும் வலியுறுத்திப் பரப்புரை செய்தார். எலிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு அறிவியல் வழியில் மெய்ப்பிக்கப்படாத காலம் அது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

பிளேக் நோயை உண்டாக்குவது ஒருவகைப் பாக்டீரியா. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி, நோயுற்ற எலியின் இரத்தத்தை உறிஞ்சுகிறது. எலி இறந்ததும் அப்பூச்சி வேறு உயிரியை நாடுகிறது. அவ்வாறு மனிதரைக் கடிக்கும்போது நோய் தொற்றுகிறது. பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோந்து 1898ஆம் ஆண்டு கராச்சியில் செய்த ஆய்வின்வழி இவ்வுண்மையை வெளிப்படுத்தினார். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின்னரே அது பரவலாக ஏற்கப்பட்டது. வீட்டில் எலிகள் காரணமின்றிச் செத்து விழுந்தால் அதுவும் அறிவிக்கத்தக்க செய்தி என்பது இதனால் விளங்கும். இன்று பிளேக் நோயை உரிய காலத்தில் கண்டறிந்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் குணப்படுத்த இயலும்.

அறிவிப்புக்குப் பின்

நோய் அறிவிக்கப்பட்ட பின்னர் என்ன செய்வது என்பதில்தான் ஆட்சியாளர்கள் தடுமாறினர். அக்டோபர் 6ஆம் நாள் மாநகராட்சி ஆணையர் கடுமையான ஆணைகளைப் பிறப்பித்தார். நோயாளி என ஐயுறப்பட்டவரை வலிந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும், வீடுகளுக்குள் நுழைந்து தூய்மைப்படுத்தவும் அவை வழிவகுத்தன. தெருக்களும் சாக்கடைகளும் கடல்நீரால் கழுவப்பட்டன, கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. நோயாளிகளின் படுக்கைகளும் உடைமைகளும் எரிக்கப்பட்டன.

மருத்துவமனை என்பது அக்கால ஏழை மக்களுக்கு அறிமுகமில்லாத இடம். அங்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களுள் பெரும்பாலோர் திரும்பவில்லை. நோய் முற்றிய நிலையில் சேர்க்கப்பட்டதே அதற்குக் காரணம் என்றாலும், மருத்துவமனையே உயிரைப் பறிக்கிறது என மக்கள் நம்பினர். சாதி, சமய வழக்கங்கள் மதிக்கப்படாது என்றும் அஞ்சினர். 1896 அக்டோபர் 29ஆம் நாள் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரம் பேர் அளவில் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். அதன்பின் ஆணைகள் ஓரளவு தளர்த்தப்பட்டன.

1897ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் கொள்ளைநோய்ச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பயணிகளைச் சோதிக்கவும், நோயுற்றோரைப் பிரித்து வைக்கவும் அரசுக்கு அது பேரதிகாரம் அளித்தது. புனே நகரில் படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டனர். பெண்களின் மானத்திற்கும் வழிபாட்டு அறைகளின் தூய்மைக்கும் இழுக்கு நேர்ந்தது என்னும் மனக்குமுறல் பெருகியது. அதன் விளைவாக 1897 ஜூன் 22ஆம் நாள் பிளேக் அலுவலர் ராண்டு, சபேகர் உடன்பிறந்தாரால் சுடப்பட்டார். பம்பாயிலும் 1898 மார்ச்சில், நோயுற்ற பெண்ணொருத்தியைச் சோதிக்க அலுவலர்கள் முயன்றதை ஒட்டிக் கலவரம் மூண்டது. சென்னை மாகாணத்திலும் தொடர்வண்டிச் சந்திப்புகளில் பயணிகள் சோதிக்கப்பட்டனர். நோய் பரவிய பகுதியிலிருந்து வந்தவர்களுக்குப் பிளேக் கடவுச்சீட்டு வழங்கப்பட்டது. அவர்கள் குறிப்பிட்ட நாள்கள்வரை அலுவலர்முன் தோன்றி உடல்நிலையைக் காட்ட வேண்டியிருந்தது.

கணக்கில் வராத மரணங்கள்

கடுமை மிகுந்தபோது மக்கள் நோயை மறைக்கத் தொடங்கினர். சோதனைக் குழு தெருமுனையில் வரும்போதே நோயாளியை வேறு வீட்டுக்கு மாற்றினர், பரண்மீது ஒளித்தனர். இறந்தவருக்கு வேறு நோயின் பெயரைக் கூறிப் பதிவு செய்தனர். நோயோடு ஊரைவிட்டு வெளியேறியவர்கள் சென்ற இடமெல்லாம் அதை விதைத்தனர். 1897ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் நகர மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பம்பாயைவிட்டு நீங்கியிருந்தனர்.

மறைக்கப்பட்ட மரணங்களின் அளவை அறிய அலுவலர்கள் வேறொரு வழியை நாடினர். ஒரு வாரத்தில் நிகழ்ந்த மொத்த இறப்புகளை, முந்தைய ஆண்டுகளில் அதே வாரத்தில் நிகழ்ந்த இறப்புகளின் சராசரியோடு ஒப்பிட்டனர். பிளேக் எனப் பதிவானவற்றைக் கழித்த பின்னும் எஞ்சிய மிகுதி பெரிதாக இருந்தது. காய்ச்சல், மார்நோய் என்னும் பெயர்களுக்குள் பிளேக் ஒளிந்திருந்தது என்பதை அம்மிகுதி காட்டிக்கொடுத்தது.

செப்டம்பரில் ஒரு மருத்துவர் துணிந்து வெளிப்படுத்திய உண்மை, அடுத்த சில மாதங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளில் மீண்டும் மறைந்துபோனது. அறிவிப்பவருக்குத் தண்டனை போன்ற விளைவு காத்திருந்தால் யாரும் அறிவிக்க முன்வரமாட்டார்கள். நோயாளி பிரிக்கப்படுவார், உடைமை எரிக்கப்படும், வருவாய் நின்றுபோகும், ஈடாக ஒன்றும் கிடைக்காது என்று அறிந்த தாய் தன் மகனின் காய்ச்சலை எவ்வாறு வெளியே சொல்வாள்? அச்சத்தால் மறைத்தவர்களை அறியாமை உடையவர்கள் என்று மட்டும் கூறிவிடுதல் பொருந்தாது. அவர்களை அச்சுறுத்திய முறையிலும் குறை இருந்தது.

அரசும் காலப்போக்கில் இதனை உணர்ந்தது. ஒவ்வொரு சமூகத்தாரும் தமக்கெனத் தனி மருத்துவமனைகள் அமைத்துக்கொள்ள இசைவளிக்கப்பட்டது. உள்ளூர்ப் பெரியோரும் தன்னார்வலரும் சோதனைப் பணிகளில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். கட்டாயம் குறைந்து இணக்கம் கூடியது. ஆயினும் காலம் கடந்துவிட்டது. 1896இல் தொடங்கிய பிளேக், அடுத்த கால் நூற்றாண்டில் இந்தியாவில் ஒரு கோடி உயிர்களைப் பலிகொண்டதாக மதிப்பிடப்படுகிறது. புனேயில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த சாவித்திரிபாய் புலேயும் அந்நோய்க்கு ஆளாகி 1897 மார்ச்சில் மறைந்தார்.

தடுப்பூசியும் நம்பிக்கையும்

ஹாப்கின் சில மாதங்களில் தடுப்பூசியை உருவாக்கினார். 1897 ஜனவரி 10ஆம் நாள் அதனைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். பின்னர் பைகுல்லா சிறையில் தாமாக முன்வந்தோருக்கு அது செலுத்தப்பட்டது. போட்டுக்கொண்டவர்களிடையே நோயும் இறப்பும் குறைந்தன.

தடுப்பூசி கண்டுபிடிக்கப்பட்டதனால் மட்டும் மக்கள் கைநீட்டிவிடுவதில்லை. அயலாட்சியின் கடுமையைக் கண்டு கசந்திருந்த மக்களிடம், ஊசியைப் பற்றி அச்சந்தரும் வதந்திகள் பரவின. இந்நிலையில் மக்கள் அறிந்த முகமும் அவர்கள் நம்பிய சொல்லும் தேவைப்பட்டன. வியேகாஸ் போன்ற உள்ளூர் மருத்துவர்கள் அத்தேவையை நிறைவேற்றினர். அவருடைய முயற்சியால் ஏறத்தாழ 18,000 பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டதாகக் கூறப்படுகிறது. ஆணையால் இயலாததை அறிமுகம் செய்துமுடித்தது.

ஹாப்கினின் ஆய்வுக்கூடம் 1899ஆம் ஆண்டு பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு மாற்றப்பட்டது. 1925ஆம் ஆண்டு அதற்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. நகரின் நெரிசலே நோய்க்கு இடமளித்தது என்பதை உணர்ந்த அரசு, சாலைகளை விரிவாக்கவும் குடியிருப்புகளைச் சீரமைக்கவும் 1898ஆம் ஆண்டு பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளையை நிறுவியது.

நகரின் தலைவர்

எந்த மாநகராட்சியின் நிலைக்குழுவில் வியேகாசின் சொல் ஐயத்தோடு கேட்கப்பட்டதோ, அதே மாநகராட்சி பின்னாளில் அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியக் கிறித்தவர் ஒருவர் அப்பதவியை அடைந்தது அதுவே முதன்முறையாகும். பதவி உயர்ந்தபோதும் பொதுமக்களின் நலமே அவருடைய நாட்டமாக நீடித்தது. 1933ஆம் ஆண்டு அவர் இயற்கை எய்தினார். மும்பையின் தோபி தலாவ் பகுதியில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டுள்ளது. நாள்தோறும் அவ்வழியே செல்லும் பல்லாயிரம் பேருள் அவர் இன்னார் என அறிந்தோர் சிலரே. ஆயினும், நோய்கள் பற்றிய அறிவிப்பை அடிப்படையாகக் கொண்ட பொதுச் சுகாதார முறை ஒவ்வொரு நாளும் அவர் காட்டிய வழியில்தான் இயங்குகிறது.

சட்டமும் கடமையும்

1939ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்திய மாகாணங்களுக்கு முன்னோடியாக அமைந்தது. குறிப்பிட்ட தொற்றுநோய்களை அறிவிக்க வேண்டிய நோய்கள் என அது வகைப்படுத்தியது. அவற்றுள் ஒன்றைக் கண்டறியும் மருத்துவர் காலந்தாழ்த்தாது சுகாதார அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் எனப் பணித்தது. வியேகாஸ் தம் மனச்சான்றின் தூண்டுதலால் செய்த செயல், இவ்வாறு சட்டப்படியான கடமையாயிற்று. 2012ஆம் ஆண்டு நாடு முழுவதும் காசநோய் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கப்பட்டது. தனியார் மருத்துவர்களும் தாங்கள் கண்டறியும் காசநோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவித்தல் இன்று கட்டாயமாகும்.

2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் தகவல் மூன்று நிலைகளில் திரட்டப்படுகிறது. அறிகுறியைக் கண்டு சுகாதாரப் பணியாளர் தெரிவிப்பது முதல்நிலை. நோயாளியை ஆராய்ந்து மருத்துவர் தெரிவிப்பது இரண்டாம் நிலை. ஆய்வகம் உறுதிசெய்து தெரிவிப்பது மூன்றாம் நிலை. இவை மாவட்டக் கண்காணிப்பு அலுவலகத்தில் ஒன்றுசேர்கின்றன. ஓர் ஊரில் வழக்கத்தைவிட மிகுதியாக ஒரு நோய் காணப்பட்டால், அந்த எண்ணிக்கையே எச்சரிக்கை மணியாகிறது. வியேகாஸ் தனியொருவராகத் தம் நினைவிலும் பட்டறிவிலும் ஒப்பிட்டு அறிந்ததை, இன்று ஓர் அமைப்பு முழுவதும் சேர்ந்து செய்கிறது.

நெடுங்காட்டிற்கும் உரிய பாடம்

காரைக்கால் மாவட்டம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அதன் நிலப்பரப்பைத் தமிழ்நாட்டின் மாவட்டங்கள் சூழ்ந்துள்ளன. நெடுங்காட்டில் நோயுறும் ஒருவர் காரைக்காலிலும் மருத்துவம் பெறலாம். எல்லை தாண்டி மயிலாடுதுறைக்கோ கும்பகோணத்திற்கோ செல்லலாம். ஆற்றுநீரும் சந்தைக் கூட்டமும் நிருவாக எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. ஆதலின் ஓர் ஊரில் கண்ட நோய்ச்செய்தி இருபுறத்து அலுவலர்களையும் உடனே அடைவது இன்றியமையாதது.

இதன் தேவையைக் காரைக்கால் மக்கள் அண்மையில் நேரில் கண்டனர். 2022ஆம் ஆண்டு வயிற்றுப்போக்கால் துன்புற்றோர் பெருந்தொகையினராக மருத்துவமனையை நாடினர். ஆய்வில் காலரா நோய் கண்டறியப்பட்டது. ஜூலை 3ஆம் நாள் காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகளும் கல்லூரிகளும் சில நாள்கள் மூடப்பட்டன. காய்ச்சி ஆறிய நீரையே பருகுமாறு மக்கள் அறிவுறுத்தப்பட்டனர். நோயின் பெயரை மென்மையாக்காமல் வெளிப்படையாகச் சொல்லியது, மக்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வழிசெய்தது.

காலரா ஒருவரின் உடல்நீரைச் சில மணி நேரத்திலேயே வற்றச் செய்து உயிருக்கு ஊறு விளைவிக்கவல்லது. உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் கலந்த நீர்மக் கரைசலை உடனே பருகத் தந்தால் பெரும்பாலோர் பிழைப்பர். முதல் நோயாளியைப் பற்றிய செய்தி சுகாதாரத் துறையை எட்டினால், அவர் பருகிய நீர் எங்கிருந்து வந்தது என ஆராய்வார்கள். சாக்கடையோடு கலந்த குழாயைச் சீர்செய்வார்கள். தொட்டியில் குளோரின் இடுவார்கள். அதனால் பத்தாவது நோயாளியோ நூறாவது நோயாளியோ உருவாகாமல் போகலாம். எனவே, ஒருவருடைய நோயை அறிவித்தல் அவரைக் காட்டிக்கொடுத்தல் ஆகாது. அவருடைய அண்டை அயலாரைக் காத்தலாகும்.

அறிவித்தல் மருத்துவருக்கு மட்டுமே உரியதென ஒதுக்கிவிட முடியாது. பலருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல் கண்ட தெருவை முதலில் அறிபவர் அங்கு வாழ்பவரே. வகுப்பில் பல மாணவர்கள் ஒரே நாளில் வாராதிருப்பதை முதலில் அறிபவர் ஆசிரியர். அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சொல்லும் ஒரு சொல், ஊரைக் காக்கும் முதல் சொல்லாக அமையும். அச்சொல்லைக் கேட்கும் துறைக்கும் கடமை உண்டு. நோயாளியின் பெயரைப் பொதுவெளியில் பரப்பாமல் காத்தல், அவரை இழிவுபடுத்தாமல் நடத்துதல், உரிய மருத்துவத்தையும் உதவியையும் தாமதமின்றி அளித்தல் ஆகியன அக்கடமையின் கூறுகள். இவை தவறினால் பம்பாயின் பரண்களில் ஒளிந்த நோய் எந்த ஊரின் பரணிலும் ஒளியும்.

வியேகாசின் கையில் அன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை, நோய் பரவும் வழியும் முழுமையாகத் தெரியாது. நோயாளியை உற்றுநோக்கும் பழக்கமும், கண்டதைக் கண்டவாறு உரிய இடத்தில் உரைக்கும் உறுதியும் மட்டுமே இருந்தன. மருந்துகள் பெருகிவிட்ட இன்றும், ஒரு நோய் கொள்ளைநோயாக மாறாமல் தடுக்கும் பணி அவ்விரண்டிலிருந்தே தொடங்குகிறது.